நீளம், அகலம், பருமன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலைமுழுங்கி என்கிற பதினெட்டடிப் பூதத்தை, முழங்கால் உயரமே இருந்த குண்டூசி காப்பாற்றித் தொலைத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பேசாமல் சாக விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பூதத்துக்குச் சொந்தக்காரர் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருப்பார். மூன்றாம் வாரம் இன்னொரு பூதத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிட வேண்டும். இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கற்பனை விளையாட்டு. ஒருவர் கதை நடத்துவார். "குகைக்குள்ள போறீங்க, கூரை இடியுது" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் வைத்திருப்பார்கள். பகடையை உருட்டி, விழுகிற எண்ணுக்கு ஏற்ப அடி வாங்குவார்கள். பாத்திரத்துக்கு ஒரு தாள் உண்டு, தாளில் உயிர்ப் புள்ளி எழுதியிருக்கும். அடி விழ விழப் புள்ளி குறையும், பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி. வளர்ந்தவர்கள் வாரம் முழுக்க எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு நாலு மணி நேரம் இப்படிச் செத்துச் செத்துப் பிழைப்பதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? நாலு பேராக இருந்தவரை ஒன்றும் கெடவில்லை. நாற்பது பேர் ஆனதும் அதற்கு ஒரு கழகம் வைத்தார்கள். கழகத்துக்கு ஒரு தலைவர் வந்தார். போச்சு.

தலைவர் நில அளவைத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் படுவதையெல்லாம் அளக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மலைமுழுங்கி அவருடையதுதான். செயலாளர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறார். யாருக்கு என்ன கிடையாது என்று சொல்வதுதான் அவருக்கு உத்தியோகம். கதை நடத்துவதும் அவரே, குறுக்கே வருகிற ராட்சசர்களை ஆட்டுவதும் அவரே.

குண்டூசியை மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர் பார்சல் ஆபீஸில் எடை போடும் குமாஸ்தா. கழகத்தில் அவருக்குப் பேரே 'பார்சல்'தான். ஆனால் குண்டூசி அவருடையவள் இல்லை, அவர் தங்கை செய்தவள். தங்கை துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள். கழகத்தை ஆரம்பித்த நாலு பேரில் ஒருத்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கிரேனின் கை முறிந்தது. அவள் உட்கார்ந்திருந்த கூண்டு முப்பத்தாறு அடி உயரத்திலிருந்து கீழே வந்தது. அவள் பிழைத்தாள், இடுப்புக்குக் கீழே பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தபடியே ஒரு தாள் கேட்டு வாங்கி, "இவ சின்னவளா இருப்பா அண்ணா. ஆனா லேசுல சாக மாட்டா" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். அந்தச் சின்னவள்தான் குண்டூசி.

கழகம் இருப்பது டயர் கடைக்கு மேலே, இருபத்திரண்டு படி ஏறி. அதனால் தங்கைக்குப் பதில் பார்சல் போய் ஆடினார். ஆடுவது அவர் கைதான், யோசிப்பதெல்லாம் அவள். செவ்வாய், புதனில் கூப்பிட்டால்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். வெள்ளிக்கிழமை வந்தால் முகம் மாறும். "பேப்பரும் பேனாவும் எடு. இந்த வாட்டி பாலத்துக்கு அடியில போறோம்" என்பாள். ஞாயிறு ராத்திரி அவர் திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும். "வலது பக்கம் திரும்புன்னு சொன்னேன்ல? உனக்கு வலது இடது தெரியாதா? சரி, அவ எத்தனை அடி வாங்கினா, அத சொல்லு." மூன்று வருஷத்தில் குண்டூசியின் உயிர்ப் புள்ளி தொண்ணூற்று நாலுக்கு ஏறியிருந்தது. அந்தத் தாள்தான் தங்கையை ஞாயிறுக்கு ஞாயிறு பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்சலுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பத்திரமாக வைத்திருப்பது தவிர அவருக்கு வேறு லட்சியம் ஒன்றும் இருக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட குண்டூசி, கூரை இடிந்த குகைக்குள் திரும்பிப் போய், நினைவில்லாமல் கிடந்த மலைமுழுங்கியின் வாயில் மருந்தை ஊற்றி எழுப்பிவிட்டாள். மேசையில் எல்லோரும் கைதட்டினார்கள். தலைவரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த ஞாயிறு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'உருவம் மற்றும் உறுதிச் சமநிலைத் துணைக்குழு' அமைக்கப்பட்டிருந்தது. தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், சிறு உருவத்தினரின் பிரதிநிதி ஒருவர். பிரதிநிதி ஆடுவது பறக்கும் திமிங்கலம். "நீங்க எப்படி சார் சின்னவங்களுக்குப் பிரதிநிதி?" என்று பார்சல் கேட்டார்.

"நான் ஆளு குட்டைதானே?" என்றார் பிரதிநிதி. அது உண்மைதான்.

தலைவர் எழுந்து நின்று பேசினார். "எனக்கு தனிப்பட்ட முறையில எந்த வருத்தமும் இல்ல. மலைமுழுங்கிய ஒரு முழங்கால் உசரப் பொண்ணு எழுப்பி விட்டதுல எனக்கு வருத்தமே கிடையாது. அத மறந்தே போயிட்டேன். போன பதினாலாம் தேதி சாயங்காலம் அஞ்சு இருபதுக்கு நடந்தது, மூணு பேரு சிரிச்சாங்க, அதுல ரெண்டு பேரு இந்த ரூம்ல இருக்காங்க, எல்லாத்தையும் சுத்தமா மறந்துட்டேன். எனக்குக் கவலையெல்லாம் இயற்கைய நெனச்சுதான். பெரிய உடம்பு அதிகம் தாங்கணும். சின்ன உடம்பு கம்மியா தாங்கணும். இதுல எங்க சார் அரசியல்?"

விதி எளிமையாகத்தான் இருந்தது. ஆறடியை ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பாத்திரத்தின் உயரம் அதில் எத்தனை பங்கோ, உயிர்ப் புள்ளியை அத்தனையால் பெருக்க வேண்டும். பின்னம் வந்தால் கீழே இறக்கிவிட வேண்டும். மலைமுழுங்கி மூன்று ஆள் உயரம், புள்ளி மூன்று மடங்கு. ஒன்றரை அடிக் குண்டூசி கால் ஆள், தொண்ணூற்று நாலு இருபத்து மூன்றாயிற்று.

வாக்கெடுப்பும் உருவ விகிதப்படியே நடந்தது. பெரியவர்களுக்குத்தானே பொறுப்பும் பெரிது என்றார் செயலாளர். பூதத்துக்கு மூன்று ஓட்டு, திமிங்கலத்துக்கு ஐந்து. பார்சல் எதிர்த்துக் கை தூக்கினார். அவருக்குக் கால் ஓட்டு. பின்னத்தைக் கீழே இறக்கினால் பூஜ்யம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து சொல்லத் தயங்கி நின்றவரைத் தங்கை ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். "என்ன, திருடன் மாதிரி நிக்கிற? எத்தனை?" கேட்டுவிட்டுச் சிரிக்கத்தான் செய்தாள். "இருபத்தி மூணா? போதும், போ. இனிமே ஒளிஞ்சு ஒளிஞ்சு போவோம்."

ஆனால் பார்சலுக்கு ஆறவில்லை. வாழ்நாளெல்லாம் எடை போட்டவர். துணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதி, சாட்சி சொல்ல நேரம் கேட்டு வாங்கினார். "சார், எங்க ஆபீஸுக்கு ஒரு நாள் வந்து பாருங்க. பஞ்சு மூட்டை ஒண்ணு வரும், கதவு அகலம் இருக்கும். பக்கத்துலயே பேரிங் குண்டு ஒரு டப்பா வரும், செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். அத தூக்க ரெண்டு பேரு வேணும். மேல லாரி ஏறினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. பெருசா இருக்கறது வேற, உறுதியா இருக்கறது வேற சார்."

மூன்று பேரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். செயலாளர் நாலு பக்கம் எழுதினார். தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு வாரம் கழித்து அறிக்கை வந்தது. 'பார்சல் துறை வல்லுநர் ஒருவரின் மதிப்புமிக்க சாட்சியத்தின்படி, உயரத்தை மட்டும் அளப்பது போதாது எனத் தெரியவருகிறது. ஒரு பஞ்சு மூட்டையின் சிறப்பு அதன் அகலத்திலும் பருமனிலும் உள்ளது. எனவே இனி மூன்றாலும் பெருக்கப்படும்.'

அதாவது மலைமுழுங்கிக்கு மூன்று, இன்னொரு மூன்று, மேலும் ஒரு மூன்று. நூற்று முப்பது புள்ளி மூவாயிரத்து ஐந்நூற்றுப் பத்தாயிற்று. குண்டூசிக்குக் காலில் கால், அதிலும் கால். இருபத்து மூன்று ஐந்தாகி, ஐந்து ஒன்றாகியது. ஒரே ஒரு புள்ளி. தும்மினால் செத்துவிடுவாள். வல்லுநர் என்று தன்னைப் போட்டிருந்ததைப் பார்சல் மூன்று தரம் படித்தார். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இருபத்து மூன்றாவது மிஞ்சியிருக்குமே என்று அன்றைக்கு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டார்.

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பஞ்சு மூட்டைக்கு அவ்வளவு மரியாதை என்று தெரிந்ததும், வாளும் கேடயமுமாக அலைந்த வீரர்கள் எல்லோரும் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உடம்பெல்லாம் பஞ்சைக் கட்டிக்கொண்டார்கள். தாளில் 'பஞ்சு, எட்டடிச் சுற்றளவு' என்று எழுதினால் போதும், புள்ளி எகிறியது. பார்சலும் குண்டூசிக்குக் கொஞ்சம் பஞ்சு கேட்டு மனுப் போட்டார். 'சிறு உருவத்தினர் செயற்கை முறையில் பெருக்க முயல்வது அவர்களின் தனித்தன்மைக்கே இழுக்கு' என்று பிரதிநிதி கையெழுத்துப் போட்டு நிராகரித்தார். பெருத்தவர்கள் யாராலும் குகைக்குள் நுழைய முடியாமல் போனபோது, கற்பனை உலகத்தில் உள்ள எல்லாக் கதவுகளும் முந்தைய தேதியிட்டு இருபது அடியாக உயர்த்தப்படுவதாகச் சுற்றறிக்கை வந்தது. எலிப் பொறிகளின் கதவும் அதில் சேர்த்தி. மலைமுழுங்கியும் செயலாளரின் இரட்டைத்தலை ராட்சசனும் ஒரு ஞாயிறு சண்டையை ஆரம்பித்தார்கள். ஏழு ஞாயிறு ஓடிற்று. பகடை தேய்ந்ததுதான் மிச்சம், இரண்டு பேரில் ஒருவருக்கும் மூக்கில்கூட ரத்தம் வரவில்லை. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள். "இதுதான் சமநிலை" என்று தலைவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

குண்டூசி அந்த ஏழு வாரமும் மேசைக்கு வரவில்லை. தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு பார்சல் சும்மா உட்கார்ந்திருந்தார். வீட்டில் வெள்ளிக்கிழமைகளிலும் தங்கை சுவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். கையில் வலு ஏறுவதற்காகப் பிடித்து இழுக்கச் சொல்லி மருத்துவர் கட்டில்மேல் கட்டிவிட்ட பட்டையைத் தொடுவதே இல்லை. பார்சல் செயலாளரிடம் போய், மேல்முறையீட்டுக்கு வழி உண்டா என்று கேட்டார்.

"தாராளமா உண்டு. பாத்திரத்த உருவாக்கினவங்க நேர்ல வரணும்."

"அவளால நடக்க முடியாது சார். இருபத்திரண்டு படி இருக்கே. நீங்க கீழ இறங்கி வந்தா..."

"நம்ம கழகத்தோட கதவு எல்லாருக்கும் தொறந்திருக்கணும்னு விதியே இருக்கு, தெரியும்ல? அதனாலதான் தொறந்தே வச்சிருக்கோம். படியப் பத்தி விதி எதுவும் இல்ல."

தங்கையிடம் சொன்னபோது அவள் மளமளவென்று எழுந்து உட்காரப் பார்த்தாள். பட்டையைப் பிடித்து இழுத்து, பாதி உட்கார்ந்தும் விட்டாள். "வர்றேன். எப்பன்னு கேளு. என்ன பெரிய படி? நான் ஏறாத உசரமா?"

பார்சல் ஆபீஸ் சுமைக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கி மாடியேற்றினார்கள். கண்ணாடிச் சாமான் தூக்குகிறவர்கள், ஆடாமல் அசையாமல் கொண்டுவந்து வைத்துவிட்டு, லாரி காத்திருக்கிறது என்று ஓடினார்கள். அவள் முடியைச் சீவி, பழைய துறைமுகச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மூன்று வருஷம் கழித்து அந்த அறையைப் பார்க்கிறாள். வருகைப் பதிவேட்டில் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் தலைவர்.

"சின்ன உடம்பு தாங்காதுன்னு எழுதியிருக்கீங்க. தாங்கும் சார். வேற யாரையும் சாட்சிக்குக் கூப்பிட வேணாம், என்னையே பாருங்க. நான் நாலடி பத்தங்குலம். முப்பத்தாறு அடியிலருந்து கூண்டோட விழுந்தேன். எனக்குப் பக்கத்து கிரேன்ல இருந்தவரு ஆறடி ரெண்டங்குலம், அவரு படியில வழுக்கி விழுந்தே ஒரு மாசம் படுத்திருந்தாரு. நான் உக்காந்து பேசிட்டிருக்கேன். அதனாலதான் அவள அப்படி எழுதினேன். அவளுக்குக் கொடுத்த புள்ளியில ஒண்ணுகூட நான் ஓசியில கொடுக்கல."

பஞ்சு வீரர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். ஜெயித்துவிட்டோம் என்றே பார்சல் நினைத்தார்.

செயலாளர் மட்டும் குனிந்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டு, தாளைத் தலைவருக்குக் காட்டினார். தலைவர் தலையசைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார் செயலாளர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நீங்க சொன்னத அப்படியே விதியில போட்டுப் பாத்தேன். சாதாரண ஆளுக்குப் பத்துப் புள்ளி. நாலடி பத்தங்குலத்துக்கு எட்டு வருது. அகலம், பருமன் எல்லாம் நான் சேக்கவே இல்ல. உங்களுக்காக விட்டுட்டேன். கீழ விழுந்தா நாலடி உசரத்துக்கு ஒரு பகடை உருட்டணும். முப்பத்தாறு அடிக்கு ஒம்போது பகடை. ஒம்போதுலயும் ஒண்ணே விழுந்துச்சுன்னு வைங்க, அதவிட நல்லது நடக்க வாய்ப்பே இல்ல, அப்பவும் ஒம்போது புள்ளி போகும். எட்டுல ஒம்போது போனா?"

"என்ன சொல்ல வர்றீங்க?" என்றாள் தங்கை.

"மைனஸ் ஒண்ணு. நீங்க பொழச்சிருக்க வழியில்ல மேடம்."

பார்சல் எழுந்துவிட்டார். "யோவ், அவ உன் முன்னால உக்காந்திருக்காய்யா!"

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் தலைவர். "இது தனிமனுஷங்க பிரச்சனை இல்ல. ஒருத்தருக்காக இன்னிக்கு விதிய வளைச்சா, நாளைக்கு விழுந்தவங்க எல்லாரும் பொழைக்க ஆரம்பிச்சிடுவாங்க. கழகம் என்ன ஆகும்? உயிரோட இருக்கற உறுப்பினர்தான் மேல்முறையீடு பண்ண முடியும். அவங்க உயிரோட இருக்காங்கன்னு எங்களுக்கும் ஆசைதான். விதி இடம் கொடுக்கலியே."

பிரதிநிதி அடிக்கோல் ஒன்றை எடுத்து, பதிவேட்டில் அவள் போட்ட கையெழுத்தின்மேல் நேராக ஒரு கோடு கிழித்தார். கழகத்தில் எதையும் கோணலாக அடிக்க மாட்டார்கள்.

தங்கை சண்டை போடுவாள் என்று பார்சல் எதிர்பார்த்தார். வாயைத் திறந்தால் துறைமுகமே நடுங்குகிற பெண் அவள். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம் அண்ணா" என்றாள்.

சுமைக்காரர்கள் இல்லை. அறையில் இருந்தவர்களின் உயிர்ப் புள்ளியைக் கூட்டினால் முப்பதாயிரம் தேறும். நாற்காலிக்கு ஒரு கை பிடிக்கச் சொல்லிப் பார்சல் கேட்டார். தலைவருக்கு முதுகில் தட்டு விலகியிருந்தது. செயலாளர், விழுந்துவிட்டால் பொறுப்பு யாரென்று கேட்டார். பிரதிநிதி, தான் குட்டை என்றார். பஞ்சு வீரர்கள் பகடையைத் தேடுகிற பாவனையில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார்கள். பார்சல் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு படியும் தனியாக இறங்கினார். பாதிப் படியில் அவள் காதருகே மெதுவாகக் கேட்டாள்.

"எட்டுல ஒம்போது போகாதுல்ல அண்ணா?"

"போகாது" என்றார். கணக்கை அவரும் மனதுக்குள் போட்டுப் பார்த்திருந்தார். பெருக்கலில் தப்பு இல்லை. அதுதான் அவருக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்கப்புறம் அவர் கழகத்துக்குப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து நடவடிக்கைக் குறிப்பு தபாலில் வந்தது. தங்கை கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நான்காவது தீர்மானம்: 'ஆட்டக்காரர் வராத நிலையில் குண்டூசி என்னும் பாத்திரம், இருபதடிக் கதவொன்று காற்றில் சாத்தியதில் மரணமடைந்தது. உறுப்பினர்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தனர். மறைந்தவரின் துணிச்சல் குறித்துத் தலைவர் உருக்கமாகப் பேசினார்.' அதைப் படித்துவிட்டு அவள் உதட்டைச் சுழித்தாள், அவ்வளவுதான். ஐந்தாவதில் வந்து நின்றுவிட்டாள். 'மேல்முறையீடு: மனுதாரர் வரவில்லை. தள்ளுபடி.'

அந்த வரியை விட்டு அவள் கண் நகரவே இல்லை. பார்சல் தாளைப் பிடுங்கிக் கிழிக்கப் போனார். அவள் விடவில்லை.

"நான் வந்தேன்ல அண்ணா?"

"வந்தே."

"நீ பாத்தேல்ல?"

"என்னம்மா கேள்வி இது? நான்தானே தூக்கிட்டு எறங்கினேன்."

"அப்ப இதுக்குக் கீழ எழுது."

அவர் மடியில் பலகையை வைத்துக்கொண்டு, ஐந்தாவது தீர்மானத்துக்குக் கீழே எழுதினார். 'வந்திருந்தாள். நான் பார்த்தேன்.' கையெழுத்துப் போட்டார்.

"தேதியும் போடு. இல்லாட்டி ஒத்துக்க மாட்டாங்க."

தேதி போட்டார். அவள் தாளை வாங்கி, அவர் எழுதியதை விரலால் தொட்டுத் தொட்டு, சரியாக இருக்கிறதா என்று முதலிலிருந்து படித்துப் பார்த்தாள்.